கல்வெட்டின் நடுத்தாள்

சாவகச்சேரி
11.08.2025

அன்புள்ள ஜெனிற்றாவுக்கு,

மெயிலில் என் பெயரைக் கண்டதும் யாருக்கோ போகவேண்டியது தவறி உங்களிடம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். தவறி வரவில்லை. என் தம்பியை நீங்கள் கலியாணம் முடித்த இவ்வளவு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் நேரே எழுதிக்கொள்வது இதுதான் முதல் தடவை. போனில் கதைக்கலாம் என்றால், செத்தவீடு நடந்த வீட்டில் ஆள் ஓயாது. ஒரு வசனத்தை முடிக்குமுன் யாராவது வந்து கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் விடியவே எழும்பித் தேத்தண்ணியோடு இருந்து எழுதுகிறேன்.

அம்மாவின் செத்தவீட்டுக்கு உங்களால் வரமுடியாமல் போனதற்கு இங்கே யாரும் குறை சொல்லவில்லை. பாஸ்போட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததாகத் தம்பி தீபன் சொன்னான். முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, செப்டெம்பர் இரண்டாம் திகதி. அதற்குக் கட்டாயம் வருவீர்கள் என்றும் சொன்னான். வாருங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கவேண்டும். உங்கள் பக்கத்தில் நினைவு அட்டை அடித்துச் சேர்ச்சில் பூசை முடியக் கொடுப்பீர்கள் அல்லவா? எங்களில் அது ஒரு சிறிய புத்தகம். செத்தவரின் படம், வாழ்க்கை, குடும்ப விபரம், பதிகங்கள் எல்லாம் இருக்கும். உங்கள் புருஷன் நேற்று முற்றத்தில் நின்று, அச்சடிக்கிற வேலையை விடச் சொன்னான். நீங்கள் அதை மின்னூலாகச் செய்து தருவீர்களாம், எல்லாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமாம். அம்மாவின் தம்பி சோமசேகரம் மாமாவைத் தெரியும்தானே, எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னுக்கு நிற்கிறவர். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்.

எனக்கும் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். போனில் வருவது போனோடு போய்விடும். காலை வணக்கப் படத்துக்கும் காணி விற்கிற விளம்பரத்துக்கும் நடுவில் அம்மா கிடப்பார். கல்வெட்டு என்றால் சாமி அறையில் இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் எடுத்துப் பாடலாம். அப்பாவின் கல்வெட்டில் எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் பட்டு, விரித்தவுடன் பதிகப் பக்கம் தானாக வந்து நிற்கிறது. சாமிக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு பாடினால் நடுவில் யாராவது அழைத்து மணி அடிக்கும்.

அப்படி அந்த மின்னூலில் என்னதான் இருக்கிறது என்று நீங்களே எனக்கு எழுதுங்கள். தீபன் சொன்னால் எனக்குப் பிடிபடாது. அவனுக்கே பிடிபடவில்லை என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
தக்சாயினி


லாக்கூர்நெவ், பிரான்ஸ்
12.08.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற வழியில் வாசித்தேன். யாருக்கோ போகவேண்டியது என்றுதான் உண்மையாகவே நினைத்தேன். பிறகு திரும்ப முதலிலிருந்து வாசித்தேன்.

நான் மின்னூல் வியாபாரி இல்லை. எங்கள் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுத்தாள் தயாரிக்கிறவள், அவ்வளவுதான். ஆனால் கேட்டபடியால் சொல்கிறேன். உங்கள் சொந்தக்காரர் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும். அவர்களுக்குப் புத்தகம் தபாலில் போய்ச் சேருமுன் ஆண்டுத் திவசம் வந்துவிடும். தீபனின் பெட்டியில் கல்வெட்டு அடுக்கினால் மிளகாய்த்தூளுக்கு இடம் இருக்காது. அச்சில் ஒரு பிழை வந்தால் அது வந்ததுதான். மின்னூல் என்றால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் குருநகரை விட்டு வெளிக்கிட்டபோது என் அப்பா வலையைத் தூக்கினார், அம்மா அரிசியைத் தூக்கினார். கலியாணப் படங்களும் செபப்புத்தகமும் அலுமாரியில் இருந்தன. திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. என் அப்பாவின் வாலிப முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது மச்சாள். ஒரு பொருள் ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் எனக்கு இப்போதும் பயம். மின்னூல் ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

இதோடு ஒரு குரல் பதிவு அனுப்புகிறேன். எங்கள் மகள் றொசாந்தியின் பிறந்தநாளுக்கு மாமி பாடி அனுப்பியது. நடுவில் காகத்தைக் கலைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடுகிறார். மின்னூலில் மாமியின் படத்தைத் தொட்டால் இது கேட்கும்படி செய்யலாம்.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பாட்டுத்தாளைப் போனில் அனுப்பிய ஞாயிறுகளில் பாதிச் சனம் பாட்டை விட்டுவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டு நிற்கும். தாளைக் கையில் கொடுத்தால் பாடுவார்கள். ஆகவே இரண்டையும் செய்வோம். ஒரே கோப்பை அச்சுக்கும் கொடுக்கலாம், மின்னூலாகவும் அனுப்பலாம். நான் செய்து தருகிறேன்.

மாமி என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குருநகர்க் கடற்கரைப் பிள்ளை, அதுவும் சேர்ச்சில் தாலி கட்டினவள் என்று அவருக்கு மனவருத்தம். தீபனிடம், "பிள்ளையின்ரை தாய் சுகமோ?" என்று கேட்பார். அதுவும் விசாரிப்புத்தானே என்று நான் எடுத்துக்கொள்வேன். இந்த வேலையையாவது அவருக்குச் செய்ய எனக்கு விருப்பம்.

அன்புடன்,
ஜெனிற்றா


சாவகச்சேரி
14.08.2025

அன்புள்ள ஜெனிற்றாவுக்கு,

நீங்கள் வென்றுவிட்டீர்கள். பாதி வெற்றி எனக்கும் என்றபடியால் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் குரலை மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா காகத்தைக் கலைக்கிற இடம் வந்ததும் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு தன்னுடைய போனுக்கும் அதை அனுப்பச் சொன்னார். மின்னூல் கூடாது என்று பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு, பதிகங்கள், படங்கள் எல்லாம் இதோடு வருகின்றன. குடும்ப விபரத்தை மரண அறிவித்தலில் இருந்து எடுங்கள், அதை மாமாதான் எழுதிக் கொடுத்தவர். நல்லூர்த் திருவிழாக் காலம், அச்சகத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. இருபதாம் திகதிக்கு முன்னர் கோப்பு வந்தால் எனக்கு நிம்மதி.

அன்புடன்,
தக்சாயினி


லாக்கூர்நெவ்
19.08.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

கல்வெட்டை முடித்து இதோடு இணைத்திருக்கிறேன். இருபத்துநாலு பக்கம். பதிகங்களைப் பெரிய எழுத்தில் போட்டேன், விளக்கு வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும் அல்லவா? மாமியின் பச்சைச் சேலைப் படம்தான் முன்னுக்கு. குடும்ப விபரம் நடுப்பக்கத்தில்.

றொசாந்தி என் பக்கத்தில் இருந்து எழுத்துப் பிழை பார்த்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும், அதனால் ஒன்றும் தப்பாது. நீங்களும் ஒருமுறை ஆறுதலாகப் பாருங்கள். பிளேன் ரிக்கற் போட்டாயிற்று, முப்பதாம் திகதி வந்திறங்குவேன்.

அன்புடன்,
ஜெனிற்றா

பி.கு. குடும்ப விபரத்தை மரண அறிவித்தலில் உள்ளபடியே வைத்திருக்கிறேன். அதில் மருமகன் என்று உங்கள் வீட்டுக்காரரின் பெயர் மட்டும் இருக்கிறது. என் பெயர் இல்லை. அதை நானே போடுவது முறையில்லை மச்சாள். சேர்க்க வேண்டும் என்றால் நீங்கள் சொல்லுங்கள், சேர்க்கிறேன். வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், எனக்கு விளங்கும்.


சாவகச்சேரி
20.08.2025

அன்புள்ள ஜெனிற்றாவுக்கு,

கிடைத்தது, பார்த்தேன், நல்ல வடிவு. அம்மா பச்சைச் சேலையில் சிரித்துக்கொண்டு இருக்கிறார். எழுத்தும் பெரிது. எல்லாம் சரி, ஒன்றும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தீபனும் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றான். இன்றைக்கே அச்சுக்குக் கொடுக்கிறோம். மாமா மின்னூலைத் தானே எல்லாருக்கும் அனுப்பப் போவதாகச் சொல்லிப் போனைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்.

பந்தல்காரர் வந்து நிற்கிறார்கள், இவ்வளவோடு நிற்பாட்டுகிறேன். உங்களுக்குப் பெரிய நன்றி.

அன்புடன்,
தக்சாயினி


லாக்கூர்நெவ்
21.08.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே ஒன்றும் கூட்டாமல் விடுகிறேன்.

அந்தியேட்டிக்கு என்னால் வரமுடியாது போல் இருக்கிறது. செப்டெம்பர் முதலாம் திகதி பள்ளிக்கூடம் தொடங்குகிறது. நான் வேலை செய்கிற பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் அந்தக் கிழமை லீவு கிடைக்காது. தீபனுக்கு நானே சொல்லிவிட்டேன். எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். உங்கள் வீட்டுக்காரரையும் மாமாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜெனிற்றா


சாவகச்சேரி
27.08.2025

அன்புள்ள ஜெனிற்றாவுக்கு,

முந்தநாள் பின்னேரம் கல்வெட்டு வந்தது. தீபனும் என் வீட்டுக்காரரும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து விறாந்தையில் இறக்கினார்கள். நான் ஒன்றை எடுத்து நடுவில் விரித்தேன். குடும்ப விபரம் முழுதாகக் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. மருமகன் கிருபாமூர்த்தி. அதற்கு அடுத்த வரியில் பேரப்பிள்ளைகள். உங்கள் மகளின் பெயர் இருக்கிறது, அவளைப் பெற்றவளின் பெயர் இல்லை. புத்தகத்தோடு போய்க் குசினிப் படியில் இருந்துவிட்டேன்.

இதே பக்கத்தைப் போனில் பார்த்தவள்தான் நான். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் ஓடிவிடும், மேலே தள்ளினால் இரண்டு பக்கம் தாண்டிவிடும். துண்டு துண்டாக வாசித்தேன். வாசித்த துண்டெல்லாம் சரியாகத்தான் இருந்தது. புத்தகத்தை விரித்தபோது ஒரே பார்வையில் தெரிந்தது. அப்போதுதான் "நீங்கள் சொன்னபடியே" என்று நீங்கள் எழுதியது மண்டையில் தட்டியது. நான் என்ன சொன்னேன் என்று பார்க்க இவரின் கணினியில் உங்கள் கடிதங்களைத் திறந்தேன். உங்கள் பெயருக்குக் கீழே ஒரு பிற்குறிப்பு இருக்கிறது. என் போனில் அந்த இடத்தில் மூன்று புள்ளிதான் இருந்தது. அதைத் தொட்டால் திறக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கடதாசியில் எழுதியிருந்தால் கண் தானாகக் கீழே போயிருக்கும்.

எனக்குக் கோபம் ஜெனிற்றா. பாதி என் மேல், பாதி உங்கள் மேல். இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் கையொப்பத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தீர்கள்? நான் வேண்டாம் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் அங்கே இருந்திருக்கிறீர்கள். தீபனிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்து நேற்று நன்றாக அழுதேன். அவன் பார்த்த அழகையும் கேளுங்கள். கோப்பைத் திறக்கவே இல்லையாம், நீங்கள் செய்தது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தானாம். நல்ல பேச்சு வாங்கினான்.

அச்சகத்தில் பிழைதிருத்தம் என்று ஒரு துண்டு அடித்து ஒட்டலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. உங்கள் பெயர் இந்த வீட்டில் ஒட்டுத்துண்டில் வரக்கூடாது. பிறகு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தால், அது நடுவில் இரண்டு கம்பி அடித்த புத்தகம். குடும்ப விபரம் நடுத்தாளில். கம்பியை நிமிர்த்தி அந்த ஒரு தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாளை வைத்து மடக்கினால் சரி. நடுத்தாளை மட்டும் புதிதாக அடித்துத் தந்தார்கள்.

மாமா மட்டும் சம்மதிக்காமல் இழுத்தார். மரண அறிவித்தலில் உங்கள் பெயரை அவர் வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறார்.

"அக்கா உயிரோடை இருக்கேக்கை ஏற்காததை நாங்கள் இப்ப என்னெண்டு போடுறது?" என்று கேட்டார்.

"அம்மா ஏற்காதது அம்மாவின்ரை பாடு மாமா. இந்தப் புத்தகம் போடுறது நானும் தம்பியும். என்ரை மச்சாளின்ரை பேர் இல்லாமல் இந்த வீட்டிலையிருந்து ஒரு புத்தகமும் வெளிக்கிடாது" என்றேன்.

 மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, புத்தகக் கட்டொன்றைத் தன் பக்கம் இழுத்தார். நேற்று முழுக்க விறாந்தையில் பாய் விரித்து எல்லாரும் அதே வேலைதான். நான் கரண்டிக் காம்பால் கம்பி நிமிர்த்த, தீபன் பழைய தாளை உருவ, மாமா புதுத்தாளை வைத்து மடக்கினார். விரல் நுனியெல்லாம் குத்துப்பட்டு எரிகிறது. ஒரு புத்தகமும் தப்பவில்லை.

தப்பியது உங்கள் மின்னூல்தான். மாமா அனுப்பிய பழையது நாடு நாடாகச் சுற்றுகிறது. ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகள் அதை எனக்கே திருப்பி அனுப்பி, பார்த்தாயா என்று கேட்கிறாள். எல்லாரையும் அழிக்கச் சொல்லி மாமா ஒரு குரல் பதிவு போட்டார், இப்போது அதுவும் கூடச் சேர்ந்து சுற்றுகிறது. ஐந்து நிமிடத்தில் திருத்தலாம் என்று எழுதினீர்கள். திருத்தலாம்தான், போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது. நல்ல காலம், புத்தகங்கள் கட்டுக்கட்டாக வீட்டிலேயே இருந்தன. திருத்திய மின்னூலை அச்சகத்திலேயே செய்வித்து இதோடு அனுப்புகிறேன். உங்களைக் கொண்டே உங்கள் பெயரைப் போடுவிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி ஒன்று கேட்கிறேன். எங்கள் வீட்டில் கல்வெட்டை மேசையில் அடுக்கி வைப்பதில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு மகளும் மருமகளும் வாசலின் இரண்டு பக்கத்திலும் நின்று கையில் கொடுப்பார்கள். அப்பாவின் அந்தியேட்டிக்கு நான் தனியே நின்றேன், தீபன் அப்போது கலியாணம் முடிக்கவில்லை. இந்த முறையும் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் எனக்குத் தாங்காது. எப்படியாவது லீவு எடுங்கள்.

உங்கள் மச்சாள்,
தக்சாயினி


லாக்கூர்நெவ்
28.08.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

லீவு கிடைக்காது என்று எழுதினேன் அல்லவா? நான் கேட்கவே இல்லை. இன்று காலை கேட்டேன், மாமியார் என்றதும் மறுபேச்சில்லாமல் ஒரு கிழமை தந்தார்கள். ரிக்கற்றையும் ரத்துச் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் ரத்துச் செய்வதென்று அந்தப் பக்கத்தைத் திறப்பேன், பிறகு சமையலைப் பார்க்கப் போய்விடுவேன். றொசாந்திக்குப் பள்ளிக்கூடம், அவள் என் தங்கை ஜெசிதாவோடு நிற்பாள். நாளை இரவு வெளிக்கிடுகிறேன். சனிக்கிழமை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வாடகை வானில் வருகிறேன். கொடிகாமம் தாண்டியதும் தீபனுக்குப் போன் எடுப்பேன்.

உங்களுக்கு அப்படிக் குளிர்ந்துபோய் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். நான் பயந்துபோனேன் மச்சாள். நேரே கேட்டு இல்லை என்று வந்தால் அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது என்று நினைத்தேன். உங்கள் கோபத்தை வாசித்தபோது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படி உரிமையோடு என்னை அந்த வீட்டிலிருந்து ஒருவரும் ஏசியதில்லை.

புதிய மின்னூலை ரெயினில் திறந்தேன். நடுப்பக்கத்துக்குப் போய், இரண்டு விரலால் பெரிதாக்கினேன். மாமியும் பதிகமும் பக்கமும் எல்லாம் ஓரத்துக்குப் போய், என் பெயர் மட்டும் திரை முழுக்க நின்றது. பக்கத்தில் இருந்த மனுசி எட்டிப் பார்த்தா. அவவுக்கு அந்த எழுத்து விளங்கியிராது. நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். உங்கள் புத்தகத்தில் இப்படிப் பெரிதாக்க முடியாது, அதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

நேற்றே குருநகருக்குப் போன் எடுத்து என் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவரும் தம்பி எமில்ராஜும் அந்தியேட்டிக்கு வரலாமோ என்று கேட்டார். வரலாமோ, நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று உங்களுக்கு எழுதிவிட்டு, அதை அழித்துவிட்டேன். அவர்கள் வருகிறார்கள் மச்சாள். இரண்டு இலை கூடப் போடுங்கள்.

உங்கள் மச்சாள்,
ஜெனிற்றா